தரைத்தளத்தில் இல்லாத தூண்

2 செப்டம்பர் 2025, செவ்வாய்

கிளேபாங் கட்டடத்தின் வரைபடங்கள் இன்று வந்தன. பழைய பிரதிகள். மடிப்பில் கிழிந்த இடங்களில் எண்களே இல்லை. சிகாமட்டில் போன மாதம் நிலம் அதிர்ந்ததிலிருந்து, கட்டடம் வைத்திருக்கிறவர்களுக்கு எல்லாம் திடீரென்று எங்களைப் போன்ற கட்டட எஞ்சினியர்களின் ஞாபகம் வருகிறது. மலாக்காவில் நில அதிர்ச்சிக்குக் கட்டடத்தைச் சோதிக்கிறோம் என்றால் போன வருடம் வரை சிரிப்பார்கள்.

ஆபீஸ் முதலாளி சுகுமாரன் சார் ஃபைலை என் மேசையில் வைத்தார். "நம்ம சேகரன் அண்ணன் கட்டடம்தான், நளினி. இன்சூரன்ஸ்காரன் கேக்கறானாம். சீக்கிரம் முடிச்சிடு."

நான்கு தளம். கீழே சோபா, கட்டில் விற்கும் கடை. நடுவில் அலுவலகங்களும் டியூஷன் வகுப்புகளும். உச்சியில் மண்டபம். தம்பி யுகேந்திரனுக்கும் மலர்விழிக்கும் கல்யாண விருந்து நவம்பரில் அங்கேதான், அழைப்பிதழ் அச்சாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "நம்ம மண்டபத்தத்தான் கம்ப்யூட்டர்ல கட்டிக்கிட்டு இருக்கேன்மா" என்றேன். "நல்லா கட்டு, எல்லாரும் வந்து ஆடப்போற எடம்" என்றாள்.

5 செப்டம்பர், வெள்ளி

மாடல் எழும்பிவிட்டது. தூண்களையும் உத்தரங்களையும் கோடுகளாக இழுத்து, தளங்களைப் பரப்பி, சுவர்களின் எடையையும் வரைபடத்தில் குறித்தபடி ஆட்களின் எடையையும் ஏற்றி, கடைசியில் அடிமண்ணை ஆட்டச் சொன்னேன். சுமத்ரா பக்கம் பெரிய அதிர்ச்சி வந்தால் இங்கே மண் மெதுவாக, நெடுநேரம் ஆடும். கிளேபாங்கில் பாதி, கடலைத் தூர்த்த நிலம்.

திரையில் கட்டடம் வளைந்து வளைந்து நிமிர்ந்தது. கண்ணுக்குத் தெரிவதற்காக மென்பொருள் அந்த ஆட்டத்தைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும். இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அது பிடிப்பதில்லை. முடிவுகள் பெரும்பாலும் பச்சை. இரண்டு மூன்று இடங்களில் மஞ்சள். சிவப்பு இல்லை.

வரைபடத்தில் இருப்பது போலவே கட்டடமும் இருந்தால் கவலையில்லை. அடுத்த வாரம் நேரில் போய்ப் பார்க்கவேண்டும்.

10 செப்டம்பர், புதன்

ஒரு தூணைக் காணோம்.

கடைக்குள் காலெடுத்து வைத்தபோதே ஏதோ உறுத்தியது. இடம் விசாலமாக இருந்தது, இருக்கவேண்டியதைவிட விசாலமாக. வரைபடத்தின்படி நடுவில் ஒரு தூண் நிற்கவேண்டும். அந்த இடத்தில் பெரிய சாப்பாட்டு மேசை ஒன்றைப் போட்டு, மேலே சரவிளக்கு தொங்கவிட்டிருக்கிறார்கள். கடையை நடத்தும் சீனப் பெரியவரிடம் மலாயில் கேட்டேன். நான் கடை எடுக்கும்போதே இப்படித்தான், மிஸ், என்றார்.

ஏணி கொடுத்தார். மேலே பொய்க்கூரைப் பலகை ஒன்றைத் தள்ளிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். தூணை வெட்டி எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக இரண்டு பக்கத் தூண்களுக்கும் இடையில் ஒரு இரும்பு பீம் மாட்டியிருக்கிறார்கள். துருப்பிடித்துச் செதில் செதிலாக உரிகிறது. அதன் வலது முனை உட்கார்ந்திருக்கும் தூணில் சாய்வாக ஒரு விரிசல். நகம் உள்ளே போகிறது.

இறங்கும்போது ஏணியின் கடைசிப் படியைத் தவறவிட்டேன். பெரியவர் பிடித்துக்கொண்டார். "பெலான்-பெலான் லா, மிஸ்." மெதுவாக, மெதுவாக என்கிறார்.

அவர் தலைக்கு மேலேதான் எல்லாம் இருக்கிறது. அவரிடம் என்ன சொல்வது? ஏணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

11 செப்டம்பர், வியாழன்

மாடலிலிருந்து அந்தத் தூணை நீக்கினேன். ஒரு கிளிக். மேல் தளங்களில் அந்தத் தூண் அப்படியே இருக்கிறது, கீழே மட்டும் இல்லை. ஆக, மேலே உள்ள பாரம் எல்லாம் அந்தத் துருப்பிடித்த இரும்பின் மேல்; இரும்பு அந்த விரிசல் விட்ட தூணின் மேல்.

இன்னொன்றும் கண்டேன். வரைபடத்தில் மண்டபம் மண்டபமே இல்லை, அலுவலகம். மேசைக்கு ஒருவர் உட்காரும் கணக்கில் கட்டியது. நெருக்கியடித்துக்கொண்டு ஆடுகிற கூட்டத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

கூட்டத்தை ஏற்றி, மண்ணை ஆட்டிக் கணக்கை ஓட்டினேன். வலது தூண் சிவப்பு, பீம் சிவப்பு. அதைச் சுற்றி எல்லாமே சிவப்பு.

நில அதிர்ச்சியை நிறுத்திவிட்டு மறுபடியும் ஓட்டினேன்.

அப்போதும் சிவப்பு.

12 செப்டம்பர், வெள்ளி

சுகுமாரன் சாரிடம் காட்டினேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாடல்ல எதாச்சும் தப்பா போட்டிருப்ப. மறுபடி பாரு."

"பாத்துட்டேன் சார்."

"மறுபடி பாரு லா, நளினி. ஒரு கட்டடத்த மூடச் சொல்றது சின்ன விசயமா? நாளைக்கு தப்புன்னு ஆச்சுன்னா இந்த ஊர்ல நம்ம முகத்த யாரு பாப்பாங்க?"

அவர் கெட்டவர் இல்லை. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஆபீஸ் இது. பேனாவை மூட அவர் இரண்டு தடவை முயன்றதைப் பார்த்தேன். அவருக்கும் பயம்தான். கான்கிரீட் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம், முடிவு வரட்டும் என்றார். எப்போது வரும் என்று கேட்டேன். ஒரு மாதம் ஆகலாம்.

ஒரு மாதத்தில் அந்த மண்டபத்தில் எத்தனை விசேஷம்?

14 செப்டம்பர், ஞாயிறு

வீட்டில் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாதோ?

யுகேன் முதலில் சிரித்தான். "அக்கா, வெளாடறியா? கார்டு எல்லாம் குடுத்து முடிச்சாச்சு லா. மலர்விழி வீட்ல மஸ்ஜித் தானா ஊரு முழுக்கக் குடுத்துட்டாங்க."

அம்மா சிரிக்கவில்லை. "சேகரன் அங்கிள் கட்டடத்தப் பத்தியா இப்படிப் பேசற? உங்கப்பா எறந்தப்ப ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு எடுத்துட்டு வந்து, காரியம் முடியிற வரைக்கும் கூட நின்னவரு அவரு. ஒரே எஸ்டேட்டுல நம்மகூட இருந்த மனுசன்."

"அம்மா, நான் அவரச் சொல்லல. கட்டடத்தச் சொல்றேன்."

"தம்பிக்கு ஒரு நல்லது நடக்குறப்ப ஒனக்கு..."

முடிக்கவில்லை. முடிக்கவும் தேவையில்லை. என் நிச்சயதார்த்தம் முறிந்ததிலிருந்து இந்த வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் அந்தப் பாதி வாக்கியம் என்னைச் சுற்றியே நிற்கிறது. பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

17 செப்டம்பர், புதன்

தப்பு செய்திருக்கிறேன்.

இரண்டாவது தளத்துச் சுவர்களின் எடையை இரண்டு முறை போட்டிருக்கிறேன். ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன், இருந்தது. இத்தனை வருட வேலைக்குப் பிறகு இப்படி ஒரு தப்பு! நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். வெட்கம். அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி. நான்தான் தப்பு, கட்டடம் இல்லை. கட்டடம் இல்லை.

சாரிடமும் யுகேனிடமும் உடனே சொன்னேன். யுகேன் அம்மாவிடம் சொல்லிவிட்டான்.

18 செப்டம்பர், வியாழன்

திருத்தி ஓட்டினேன். ஆளில்லாத கட்டடம் நிற்கிறது. மண்டபம் நிறைந்தால் வலது தூண் பாதுகாப்பு எல்லையைக் கொஞ்சம் தாண்டுகிறது. கொஞ்சம்தான். மண்டபம் நிறைந்திருக்கும்போது நிலமும் அதிர்ந்தால்... அதை எழுத விரும்பவில்லை.

சார் சொன்னார்: "எல்லையத் தாண்டினா ஒடனே விழுந்துடாது. கணக்குலயே எவ்வளவோ தாராளமா வெச்சிருக்கோம். ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். அந்தத் தாராளம் எல்லாம் நல்ல கான்கிரீட்டுக்கு. விரிசலையும் துருவையும் நான் மாடலில் போடவேயில்லை, எப்படிப் போடுவதென்றும் தெரியவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

நேற்றைய நிம்மதி ஒரு நாள்கூட நிலைக்கவில்லை.

21 செப்டம்பர், ஞாயிறு

அம்மா: "மொத விழும்னு சொன்ன. அப்பறம் தப்பாப் போட்டுட்டேன்னு சொன்ன. இப்ப மறுபடி பயமா இருக்குங்கற. நான் எதடி நம்பறது?"

தப்பை ஒப்புக்கொள்ளாமலே இருந்திருந்தால் நம்பியிருப்பார்களோ என்று ஒரு நொடி நினைத்தேன். அப்படி நினைத்ததே பயமாக இருக்கிறது.

27 செப்டம்பர், சனி

யுகேன் என்னைக் காரில் கிளேபாங்குக்குக் கூட்டிப்போனான். சாலையோரக் கடையில் தேங்காய் ஷேக் வாங்கிக்கொண்டு, அந்தக் கட்டடத்துக்கு எதிரே நிறுத்தினான். வெயிலில் சும்மா நின்றுகொண்டிருந்தது கட்டடம். மேலே ஜன்னலில் யாரோ திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, விழுந்துருமா?"

"தெரியாதுடா."

"சரி. நிக்குமா?"

"அதுவும் தெரியாது."

அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தான். "பிரேக் சரியில்லன்னு டிரைவர் சொன்னா, நான் ஓட்டிப் பாத்து ஒண்ணும் தெரியாட்டியும் பஸ்ஸ வெளிய விடமாட்டேன்." அப்புறம் என்னைப் பார்த்தான். "நீ இப்படிப் பயந்து நான் பாத்ததே இல்லக்கா. அப்பா போனப்பகூட நீதான் எல்லாத்தையும் ஓடி ஓடிச் செஞ்ச. போதும். எடத்த மாத்திடலாம். மலர்கிட்ட நான் பேசிக்கறேன்."

ஷேக்கைக் குடிக்க முடியவில்லை.

2 அக்டோபர், வியாழன்

தமிழ்ப்பள்ளி மண்டபம் கிடைத்தது. சின்ன இடம், ஆனால் ஒரே தளம், மேலே தகரக்கூரை. மலர்விழியின் அப்பா இரண்டு நாள் போனையே எடுக்கவில்லையாம். அம்மா என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள்.

இன்று கான்கிரீட் மாதிரி எடுக்க ஆட்கள் வந்தார்கள். நானும் போய், அந்த விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டினேன். விரிசல் துளி நகர்ந்தாலும் கண்ணாடி உடையும். இதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம்.

11 அக்டோபர், சனி

கைப்பேசியில் யாரோ போஸ்டர் அனுப்பியிருந்தார்கள். சிறுவர் நடனப் போட்டி. நாளை மதியம். சேகரன் அங்கிள் மண்டபம்.

என் வீட்டு ஆட்களை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு நான் சும்மா இருந்தேனே, ஒரு வாரமாக ஒழுங்காகத் தூங்கினேனே. என்ன மனுஷி நான்?

சாரைக் கூப்பிட்டேன். பினாங்கில் இருக்கிறாராம். "ரிசல்ட் வரட்டும் நளினி. கையில ஒண்ணும் இல்லாம நான் எப்படிச் சொல்றது?"

சேகரன் அங்கிளைக் கூப்பிட்டேன். பொறுமையாகத்தான் பேசினார், அதுதான் கஷ்டமாக இருந்தது. "எத்தனை கல்யாணம் நடந்துருக்கும்மா அங்க. செவுத்துல ஒரு துளி காரைகூட உதிந்தது இல்ல. நீ எடத்த மாத்துனதுக்குக் கூட நான் ஒண்ணும் சொல்லல. பிள்ளைங்க எவ்வளவு நாளா பிராக்டிஸ் பண்ணியிருக்குங்க..."

"அங்கிள், ஒரே ஒரு வாரம் தள்ளி வைங்க."

"வெச்சிடட்டுமா?" என்றார். போனைத்தான் சொன்னார்.

மாநகர் மன்றத்தின் எண்ணுக்கும் அடித்தேன். சனிக்கிழமை. யாரும் எடுக்கவில்லை.

12 அக்டோபர், ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நிகழ்ச்சி தொடங்கும் முன்பே போய்விட்டேன். படி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. மேலே சலங்கை கட்டிய பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகள் நிறைய. மேடை போட்டிருந்த இடத்தைப் பார்த்தேன். நடுத்தூணை ஒட்டி; நேர் கீழே, தரைத்தளத்தில், அந்தத் தூண் இல்லாத இடம். மாடலில் நான் எத்தனையோ தடவை சுற்றிச் சுற்றிப் பார்த்த சதுரம்.

எல்லாரும் ஒரே தாளத்துக்குக் குதிப்பார்கள். கட்டடத்துக்கு அதைவிடக் கெட்டது எதுவும் இல்லை.

நடத்துபவர் சாந்தி என்ற நடன ஆசிரியை. அவரிடம் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால்? கத்துவார், அங்கிளைக் கூப்பிடுவார், அங்கிள் என்னை வெளியே அனுப்பச் சொல்வார், பிறகு மேடை இருந்த இடத்திலேயே இருக்கும். இல்லை, கூட்டம் பயந்து ஒரே நேரத்தில் படிக்கு ஓடும். அந்தப் படியும் அதே பக்கம்தான்.

பொய் சொன்னேன்.

"டீச்சர், நான் கட்டடத்த செக் பண்ற எஞ்சினியர். மேடைக்கு மேல ஏர்கான் பைப்பு ஒழுகுது. ஒயர்ல பட்டா ஷாக் அடிக்கும். மேடைய அந்தக் கோடிக்கு மாத்திடுங்க. இந்தப் பக்கம் யாரும் உக்கார வேணாம், நாற்காலியும் வேணாம்."

"ஐயோ, இப்பப் போயி சொல்றீங்களே! மானம் போயிரும் எனக்கு."

"பிள்ளைங்க டீச்சர்."

என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, உடனே அப்பாக்களைக் கூப்பிட்டுப் பலகைகளைத் தூக்கச் சொன்னார். நானும் தூக்கினேன். காலியான இடத்தைச் சுற்றி நாற்காலிகளைக் கவிழ்த்து வேலி போட்டேன். கீழே சோபாக் கடைப் பெரியவரைப் போனில் கூப்பிட்டு, இன்று கடையைத் திறக்காதீர்கள் என்று கெஞ்சினேன். ஏன் என்று கேட்காமலே சரி என்றார்.

பிறகு பாட்டு தொடங்கியது.

நான் அந்தக் காலி இடத்தின் ஓரத்தில், சுவரோரமாக நின்றேன். கீழே போய் நின்றிருக்கலாம். போகவில்லை. பிள்ளைகளை மேலே விட்டுவிட்டு நான் கீழே நின்றால்... கால் வரவில்லை. ஒவ்வொரு குதிப்புக்கும் உள்ளங்காலில் தரை லேசாக எழும்பி இறங்கியது. எல்லாத் தரையும் அப்படித்தான் செய்யும். எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய்க்குள்ளே முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா, "ஒங்க பிள்ளை எது?" என்று கேட்டார். என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

ஒன்றும் நடக்கவில்லை. பரிசு கொடுத்தார்கள். ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். எல்லாரும் இறங்கிப் போனார்கள். கடைசிப் பிள்ளை வாசலைத் தாண்டியதும் நான் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன்.

13 அக்டோபர், திங்கள்

கண்ணாடி உடைந்திருக்கிறது.

குறுக்கே, நேராக, இரண்டு துண்டு. இடைவெளியில் டார்ச் வெளிச்சம் உள்ளே போகிறது. மேடையை மாற்றியும் நகர்ந்திருக்கிறது. மாற்றாமல் இருந்திருந்தால்?

படம் எடுத்துச் சாருக்கு அனுப்பினேன். விமானத்திலிருந்து இறங்கி நேரே வந்தார். முட்டி வலியோடு அந்த ஏணியில் ஏறினார். நெடுநேரம் இறங்கவில்லை. இறங்கியதும், விற்பனைக்கு வைத்திருந்த சோபா ஒன்றில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது, அப்படியே உட்கார்ந்தார்.

"நேத்து நீ மேல இருந்தியா?"

"இருந்தேன் சார்."

"பிள்ளைங்க இருந்துச்சா?"

நான் தலையாட்டினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மாநகர் மன்றத்துக்கு இன்னிக்கே அறிக்கை போயிடணும். நான் கையெழுத்துப் போடறேன். ரிசல்ட்டு கிசல்ட்டு ஒண்ணும் வேணாம்."

15 அக்டோபர், புதன்

கட்டடத்தை மூடிவிட்டார்கள். கீழே இரும்பு முட்டுகள் கொடுக்கிறார்கள்.

சேகரன் அங்கிள் வந்திருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். அந்தச் சாப்பாட்டு மேசை இருந்த இடத்தில் நின்று மேலே பார்த்தார். "கடைக்கு நடுவுல தூணு எதுக்குன்னு அப்ப கடையில வாடகைக்கு இருந்தவன் கேட்டான். காண்ட்ராக்டரு இரும்பு போட்டாப் போதும்னுட்டான். நானும் சரின்னுட்டேன்." கொஞ்சம் நின்று, "ரெண்டாவது மாடியில என் மகதாம்மா டியூஷன் எடுக்கறா. தெனமும்."

அவ்வளவுதான் சொன்னார்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. அம்மா முறுக்குச் சுட்டாள். பேச்சில் யாரும் கட்டடத்தைத் தொடவில்லை.

9 நவம்பர், ஞாயிறு

யுகேனுக்குக் கல்யாணம் முடிந்தது. பள்ளி மண்டபத்தில் ஒரே நெரிசல். மழை வேறு, தகரத்தில் விழுந்து பாட்டே கேட்கவில்லை. மலர்விழியின் அப்பா என்னிடம் வந்து, "சாப்டியாம்மா?" என்று கேட்டார். மலர்விழி என் கையை இழுத்து ஆட வைத்தாள். எல்லாரும் குதித்தார்கள். கீழே வெறும் மண் என்று தெரிந்தும் நான் குதிக்கவில்லை. குதிக்க முடியவில்லை.

26 நவம்பர், புதன்

பீமின் வலது முனையை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். சார் படம் அனுப்பினார். அது தூணின் மேலே உட்காரவேயில்லை. தூணைக் குடைந்து, உயரம் போதாமல், செங்கலைச் செருகி, மேலே சாந்து பூசி மறைத்திருக்கிறார்கள். செங்கல் நொறுங்கித் தூளாகக் கொட்டுகிறது.

மாடலைத் திறந்தேன். அந்த முனையைச் செங்கல் தாங்குவதாகப் போட்டு, நடனப் போட்டி அன்று இருந்த கூட்டத்தை ஏற்றி ஓட்டினேன். மென்பொருள் பாதியில் நின்றுவிட்டது. இப்படி ஒரு கட்டடம் நிற்காது என்கிறது.

ஆனால் நின்றது. ஏன் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. மாடலை மூடிவிட்டேன்.

18 ஜனவரி 2026, ஞாயிறு

சித்தி பேத்திக்குக் காதுகுத்து. ஊருக்குள் புதிதாகத் திறந்த மண்டபம், மூன்றாவது மாடி. லிஃப்ட் கதவு திறந்ததும் உள்ளே நல்ல கூட்டம், பாட்டுச் சத்தம். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, மேலே பார்த்தாள், தூண்களைப் பார்த்தாள். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

என் மணிக்கட்டைப் பிடித்தாள். செப்டம்பரில் அந்தப் பாதி வாக்கியத்தைச் சொன்னதிலிருந்து அம்மா என்னைத் தொட்டதே இல்லை.

"நளி, இது நிக்குமா?"

"தெரியலம்மா. நான் பாக்கல."

தலையாட்டினாள். திரும்பிப் போகலாம் என்பாளோ என்று பார்த்தேன். உள்ளே சித்தி எங்களைக் கண்டு கை காட்டிவிட்டார்.

"சரி வா," என்றாள் அம்மா. "கதவுகிட்டயே உக்காந்துக்கலாம்."

உட்கார்ந்தோம். சாப்பாடு முடியும்வரை அவள் என் கையை விடவில்லை.